34வது வாரம், இடது காம்பு உள்ளே இழுத்திருக்கிறது: தாய்ப்பாலுக்கு இப்போதே என்ன செய்யலாம்?

பூவரசி:

எல்லோருக்கும் வணக்கம். முதல் குழந்தை, இப்போது 34வது வாரம். கர்ப்பகால சர்க்கரை இருக்கிறது. ஊசி, மாத்திரை இல்லை, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலேயே ஓடுகிறது. குழந்தை எடை கூடுதலாகத் தெரிவதால் சிசேரியனாகவும் ஆகலாம் என்று டாக்டர் சொல்லி வைத்திருக்கிறார்.

தாய்ப்பால் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்படித் தயாராவது என்பதில்தான் குழப்பம். இடது பக்கக் காம்பு உள்ளே இழுத்தபடி இருக்கிறது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சொரசொரப்பான துண்டால் தினமும் தேய்த்தால் வெளியே வந்துவிடும், தோலும் தடித்து அப்புறம் வலிக்காது என்கிறார் அத்தை. தேய்த்துப் பார்த்தேன், எரிச்சல்தான் மிச்சம். கணவர் பால் எடுக்கும் எலக்ட்ரிக் பம்ப் வாங்க மாடல் மாடலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போதாததற்கு எனக்கு மார்பும் சிறியது. இதில் பால் போதுமா என்று உள்ளுக்குள் ஒரு பயம்.

இப்போதே செய்ய வேண்டியது என்ன, பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டியது என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

பூவரசி, நான் பிரசவ வார்டு நர்ஸ். பெரும்பாலும் நைட் டியூட்டி. பால் கொடுக்கத் தெரியாமல் அழுவதெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் நடக்கும் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

முதலில் அந்தத் துண்டைத் தூரப் போடுங்கள். காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் சின்னச் சின்ன மேடுகள் தெரிகிறதா? அவை எண்ணெய்ச் சுரப்பிகள். தோல் வறளாமல் காக்கின்றன, அவற்றின் வாசனை குழந்தை மார்பைத் தேடி வரவும் உதவுகிறது. தேய்த்தால் போவது அந்த எண்ணெய்தான். சோப்பும் அங்கே வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். காம்பை இழுத்துவிடும் பயிற்சி, பிராவுக்குள் வைக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் இரண்டையும் பிரிட்டனில் சோதித்துப் பார்த்து 1992ல் முடிவை வெளியிட்டார்கள். பலன் இல்லை. குழந்தை வாய் நிறைய மார்பைப் பிடித்துத்தான் குடிக்கிறது, காம்பை மட்டும் பிடித்து அல்ல. உள்ளே இழுத்த காம்போடு நன்றாகக் கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தேவைப்பட்டால் பிறந்த பிறகு, கொடுப்பதற்குச் சற்று முன்பு பம்பாலோ கையாலோ காம்பைக் கொஞ்சம் வெளியே கொண்டுவரலாம். அதை வார்டில் செய்து காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு வலது பக்கம் சரியாக இருக்கிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அளவு பற்றிய பயத்தையும் விடுங்கள். மார்பின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கொழுப்பு. பால் சுரப்பது சுரப்பித் திசு. கர்ப்பத்தின் நடுவிலிருந்தே உங்கள் உடம்பு சீம்பால் தயாரிக்கத் தொடங்கியிருக்கும்.

இப்போது செய்ய வேண்டிய வேலை வேறு. அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் இவற்றைக் கேட்டு வையுங்கள். பிறந்தவுடன் குழந்தையைத் துடைத்து என் வெறும் மார்பில் போடுவீர்களா? சிசேரியன் ஆனால் தியேட்டரிலேயே செய்ய முடியுமா? குழந்தையும் நானும் ஒரே அறையில் இருப்போமா? எனக்குத் தெரியாமல் பவுடர் பால் கொடுப்பீர்களா? முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் நீங்கள் விழித்துத்தான் இருப்பீர்கள். தாயும் சேயும் நன்றாக இருந்தால் மார்பில் போடுவதற்குத் தடை ஏதும் இல்லை, முன்பே பேசி வைக்க வேண்டும், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனமும் முதல் 1 மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்கச் சொல்கிறது. அந்த நேரத்தில் குழந்தை நல்ல விழிப்பில் இருக்கும். அப்புறம் நீண்ட தூக்கம் போட்டுவிடும்.

உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் இது இன்னும் முக்கியம். வயிற்றில் இருக்கும்போது உங்கள் கூடுதல் சர்க்கரைக்கு ஈடுகொடுக்கக் குழந்தை இன்சுலினை அதிகமாகச் சுரந்து பழகியிருக்கும். பிறந்ததும் உங்களிடமிருந்து வரும் சர்க்கரை நின்றுவிடும், இன்சுலின் உடனே குறையாது. அதனால் குழந்தையின் சர்க்கரை இறங்கலாம். குதிகாலில் குத்திச் சோதிப்பார்கள், பயந்துவிடாதீர்கள். சீக்கிரமாகவும் அடிக்கடியும் பால் கொடுப்பதுதான் முதல் தடுப்பு.

இதற்காகவே சிலருக்கு 36வது வாரத்துக்குப் பிறகு கையால் சீம்பால் எடுத்துச் சேமிக்கச் சொல்வது உண்டு. சர்க்கரை உள்ள, வேறு சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளிடம் ஆஸ்திரேலியாவில் இதைச் சோதித்து 2017ல் வெளியிட்டார்கள். குழந்தைக்குப் பாதிப்பு தெரியவில்லை. ஆனால் நஞ்சுக்கொடி கீழே இருந்தாலோ, கருப்பை வாயில் தையல் போட்டிருந்தாலோ, முன்கூட்டியே வலி வரும் அறிகுறி இருந்தாலோ கூடாது. டாக்டர் சரி என்ற பிறகே தொடங்குங்கள்.

பம்பா? இப்போதைக்கு வேண்டாம். சீம்பால் கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வரும். பம்பில் எடுத்தால் பாதி அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். குழந்தையைத் தனி வார்டில் வைக்க நேர்ந்தால் ஆஸ்பத்திரிப் பம்பே இருக்கும். வேலைக்குத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம்.

கண்ணாடிக்காரன்:

சிஸ்டர் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல, ஆனாலும் பம்ப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நண்பருக்கு ஒரு வார்த்தை. அவர் ஆர்வம் நல்லது, அதைச் சாயங்காலத்துக்கு மிச்சம் வைக்கச் சொல்லுங்கள். எங்கள் மகள் பகலெல்லாம் நல்ல பிள்ளை. மாலை ஆறு மணி ஆனால் அரை மணிக்கு ஒரு முறை பால், நடுவில் அழுகை, திரும்பப் பால். "பால் பத்தவில்லை, அதனால்தான் அழுகிறது" என்று வீட்டில் எல்லோரும் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். மனைவியும் நம்பத் தொடங்கிவிட்டார்.

நான் கணக்குப்பிள்ளை ஆனேன். ஒரு நோட்டு. எத்தனை தடவை குடித்தது, எத்தனை டயப்பர் நனைந்தது, மலம் என்ன நிறம். பிறந்த புதிதில் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது சாதாரணம். ஐந்தாம் நாளிலிருந்து குறைந்தது 6 டயப்பராவது நன்றாக நனைய வேண்டும், கறுப்பு மலம் பச்சையாகி மஞ்சளுக்கு வந்திருக்க வேண்டும் என்று குழந்தை டாக்டர் சொல்லியிருந்தார். நோட்டில் எல்லாம் சரியாக இருந்தது. எடையும் ஏறியது. அப்புறம் யாராவது பத்தவில்லை என்று ஆரம்பித்தால் நோட்டைத் திறந்து காட்டுவேன். வாதம் பண்ண வேண்டிய அவசியமே வராது.

மற்றபடி ஏப்பம் எடுப்பது, டயப்பர் மாற்றுவது, ராத்திரி குழந்தையைத் தூக்கி மனைவி பக்கத்தில் படுக்க வைப்பது இதெல்லாம் அப்பாவால் முடியும். பால் கொடுப்பவர் பக்கத்தில் எப்போதும் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கட்டும்.

செம்பருத்தி:

நல்ல பேச்சுக்கு நடுவே என் பக்கத்தையும் வைக்கிறேன். எனக்கு எல்லா முயற்சிக்குப் பிறகும் பால் முழுசாகப் போதவில்லை. கர்ப்பத்தில் மார்பில் எந்த மாற்றமும் வரவில்லை, பெரிதாகவில்லை, கனக்கவில்லை. அது கேட்க வேண்டிய விஷயம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற பிறகுதான் சுரப்பித் திசு குறைவு என்று தெரிந்தது. பூவரசி, உங்களுக்கு மாற்றம் தெரிகிறது என்றால் நல்லது. தெரியாவிட்டாலோ, தைராய்டு இருந்தாலோ, மார்பில் ஆபரேஷன் ஆகியிருந்தாலோ இப்போதே டாக்டரிடம் சொல்லி வையுங்கள்.

நான் மார்பில் இருந்ததைக் கொடுத்துவிட்டு மீதிக்கு பவுடர் பால் கொடுத்தேன். என் பையன் நன்றாகத்தான் இருக்கிறான். எல்லா அம்மாவுக்கும் தானாகச் சுரக்கும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் வரும்.

பூவரசி:

அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. துண்டு இப்போது தரை துடைக்கப் போய்விட்டது! செம்பருத்தி அக்கா, எனக்கு மாற்றம் நன்றாகவே தெரிகிறது, பழைய பிரா எதுவும் சேரவில்லை.

இன்னொரு சந்தேகம். தாய்ப்பால் குடித்தால் நோயே அண்டாது, குண்டாகாது, படிப்பில் கெட்டி என்று ஆபீஸ் தோழி அடுக்கிக்கொண்டே போகிறாள். இதில் எவ்வளவு நிஜம்? அப்புறம், வலிக்குமா வலிக்காதா? அதை யாருமே சொல்லவில்லையே.

இரவுப்பணி:

செம்பருத்தி சொன்னது சரி. பால் போதாமல் போவது உண்மையிலேயே நடக்கிறது. எடை ஏறாத குழந்தையை வைத்துக்கொண்டு பிடிவாதம் பிடிக்கக் கூடாது.

பூவரசி, உங்கள் தோழி பாதி சரி. பெலாரஸில் 1996-97ல் பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள், 17,000க்கும் மேற்பட்ட தாய்-சேய். நீ பால் கொடு, நீ கொடுக்காதே என்று யாரையும் பிரிக்க முடியாது அல்லவா? அதனால் ஆஸ்பத்திரிகளைப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் தாய்ப்பால் கொடுப்பதற்கு நல்ல பயிற்சியும் உதவியும், மறு பகுதியில் வழக்கம்போல. உதவி கிடைத்த பக்கத்துக் குழந்தைகளுக்கு முதல் வருடத்தில் வயிற்றுப்போக்கு போன்ற குடல் தொற்றுகள் குறைந்தன, எக்ஸிமா என்ற தோல் அழற்சியும் குறைந்தது. பின்னாளில் உடல் பருமனோ ஆஸ்துமாவோ குறையவில்லை. ஆறரை வயதில் புத்திக்கூர்மைச் சோதனையில் முன்னிலை தெரிந்தது, 16 வயதில் பார்த்தபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்திருந்தது. ஆகவே படிப்புக்கு உத்தரவாதம் தரமாட்டேன்.

தொற்று விஷயத்தில் மட்டும் நான் தயங்காமல் பேசுவேன். உங்கள் குடலிலும் மூச்சுப் பாதையிலும் வந்துபோகும் கிருமிகளுக்கு உங்கள் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் பாலில் இறங்குகிறது. நீங்களும் குழந்தையும் ஒரே வீட்டுக் காற்றைத்தானே சுவாசிக்கிறீர்கள், அதனால் அதற்குத் தேவையான பாதுகாப்பாகவே பெரும்பாலும் அமைகிறது. சீம்பாலில் இது மிக அதிகம். எனக்குப் பிடித்த விஷயம் வேறு ஒன்று: தாய்ப்பாலில் ஒருவகைச் சர்க்கரைகள் நிறைய இருக்கின்றன, குழந்தையால் அவற்றைச் செரிக்கவே முடியாது. அவை குடலில் வாழும் நல்ல பாக்டீரியாவுக்கான தீனி! வயிற்றுப்போக்கு, நிமோனியா, காது தொற்று குறைகிறது. தூக்கத்தில் காரணமின்றி நேரும் சிசு மரணமும் குறைவு. குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகலைத் தடுப்பதிலும் தாய்ப்பால் கைகொடுக்கிறது.

உங்களுக்கும் பங்கு உண்டு. 30 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002ல் வெளியிட்ட கணக்கின்படி, பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது. கர்ப்பகால சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் குறைகிறது. உங்களுக்கு இது சொந்தக் காரணம்.

தாய்ப்பாலில் எல்லாம் இருக்கிறது என்பதும் முழு உண்மை இல்லை. வைட்டமின் டி மிகக் குறைவு, சொட்டு மருந்து எழுதித் தரலாம், கேளுங்கள். முதல் 6 மாதம் தண்ணீர் தேவையில்லை, பாலிலேயே 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். அதன் பிறகு மற்ற உணவோடு 2 வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

வலி. ஆரம்ப நாட்களில் குழந்தை வாய் வைக்கும்போது சில நொடி சுருக்கென்று இருக்கலாம். குடித்து முடிக்கும்வரை வலித்தாலோ, காம்பு நசுங்கி வெளியே வந்தாலோ பிடிப்பு சரியில்லை. சுண்டு விரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து, மறுபடி வையுங்கள். காம்பு குழந்தையின் மூக்குக்கு நேராக இருக்கட்டும். வாயை நன்றாகப் பிளந்ததும் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைக் குழந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். முகவாய் மார்பில் பதிய வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், கருவட்டம் கீழே தெரிவதைவிட மேலே அதிகம் தெரிய வேண்டும். சிசேரியன் ஆனால் படுத்தபடி கொடுங்கள், அல்லது குழந்தையின் கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி கைக்கடியில் அணைத்துக்கொள்ளுங்கள், தையலில் இடிக்காது.

நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகுதான் பால் பெருகுவதற்கான கட்டளையே உடம்புக்குப் போகிறது. நிறையப் பால் இறங்க இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும், சர்க்கரையும் சிசேரியனும் இருந்தால் கொஞ்சம் தாமதமாகலாம். அதுவரை வரும் சில மில்லி சீம்பால், குழந்தையின் சின்ன வயிற்றுக்குப் போதும். குழந்தையின் எடை கொஞ்சம் குறையும். 10 சதவீதத்தை நெருங்கினால் பரிசோதிக்க வேண்டும்.

பூவரசி:

செக்கப் போய் வந்தேன். மார்பில் போடுவதற்கு டாக்டர் உடனே சரி என்றார், என் ஃபைலிலும் எழுதிவிட்டார். 37வது வாரத்திலிருந்து கையால் எடுக்கவும் சம்மதம். எப்படி எடுத்து வைப்பது அக்கா?

இரவுப்பணி:

கை கழுவிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பிலிருந்து ரெண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால். நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, விரல்களைச் சேர்த்து, விடுங்கள். தோல்மேல் விரல் வழுக்கக் கூடாது. பக்கத்துக்குச் சில நிமிடம் போதும். சொட்டுகளை ஊசியில்லாத சின்ன சிரிஞ்சில் உறிஞ்சி மூடி, தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஐஸ் பையில் எடுத்துப் போங்கள், எங்கே வைப்பது என்று போனதுமே கேளுங்கள். உருகியதை ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது.

எடுக்கும்போது வயிறு இறுகி வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஒரு சொட்டும் வரவில்லையா, விட்டுவிடுங்கள். பிறந்த பிறகு பால் வராது என்று அதற்கு அர்த்தம் இல்லை.