எலும்பு முறிந்து சேராமல் இழுத்த நாய், பூனை: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் பொமரேனியன் சோபாவிலிருந்து குதித்ததில் முன்னங்கால் முறிந்தது. அவ்வளவு உயரத்துக்கா முறியும் என்று கேட்காதவர் இல்லை. முறியும். பொமரேனியன், மினியேச்சர் பின்ஷர் மாதிரி சின்ன இனங்களுக்கு மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ள எலும்பு பென்சில் கனம்தான் இருக்கும், குதிக்கும்போது மொத்த எடையும் அங்கேதான் இறங்குகிறது.

பக்கத்துக் கிளினிக்கில் மாவுக்கட்டு போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது வீக்கம் இல்லை, வலி இருப்பதாகவும் தெரியவில்லை, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் காலை ஊன்றவே இல்லை. தொட்டுப் பார்த்தால் முறிந்த இடம் லேசாக வளைந்து கொடுத்தது. "போகப் போகச் சரியாகும்" என்றார்கள், நாங்கள் விடாமல் கேட்டு மறுபடி எக்ஸ்ரே எடுக்க வைத்தோம். இரண்டு முனையும் தேய்ந்து கூராகி, நடுவில் கருப்பாக இடைவெளி. புது எலும்பு பொட்டளவுகூட இல்லை.

அப்புறம் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். எலும்பு சேர வேண்டுமானால் அசையாமல் இருக்க வேண்டும், ரத்தமும் போய்ச் சேர வேண்டும். சின்ன நாய்க்கு அந்த இடத்தில் சதையே கிடையாது, ரத்த ஓட்டமும் பெரிய நாய்களைவிடக் குறைவு, அதற்கு மேல் கட்டுக்குள்ளேயே எலும்பு திரும்பிக்கொண்டிருந்தால் எப்படிச் சேரும்? அதனால்தான் இந்த இனங்களுக்கு இந்த இடத்தில் முறிந்தால் பெரும்பாலும் முதலிலேயே பிளேட் வைக்கச் சொல்கிறார்கள். சேராத எலும்பிலும் இரண்டு வகை உண்டாம். முனைகள் தடித்துப் புது எலும்பு வளர்ந்தும் நடுவில் சேராமல் நிற்பது ஒன்று, அதற்கு அசைவுதான் காரணம், இறுக்கிப் பிடித்தாலே பெரும்பாலும் சேர்ந்துவிடும். எங்களுடையது இன்னொன்று, வளர்ச்சியே நின்றுபோனது. முனைகளைச் சுத்தம் செய்து, மஜ்ஜைக் குழியைத் திறந்துவிட்டு, தோள் பக்கத்து எலும்பின் உள்ளிருந்து பஞ்சு மாதிரியான எலும்பை எடுத்து அங்கே வைத்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டார்கள்.

ஆபரேஷனைவிட அதற்குப் பிறகுதான் கஷ்டம். வலி குறைந்ததும் ஓடப் பார்க்கும், கூண்டுக்குள் வைத்தால் முகத்தைப் பார்த்து அழும். மனசு கேட்காது, ஆனாலும் திறந்துவிடாதீர்கள். நன்றாக நடக்கிறதே என்று எக்ஸ்ரேயையும் விட்டுவிடாதீர்கள். இப்போது நான்கு காலிலும் நடக்கிறாள், அந்த மணிக்கட்டு மட்டும் முழுசாக மடங்குவதில்லை.

*

அக்கா, எங்கள் பூனைக்கு நேர்மாறு. எலும்பு சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்துவிட்டது. தெருவில் பைக் மோதிக் கிடந்தவனைத் தூக்கி வந்தோம், இடுப்பெலும்பு முறிவு. கூண்டில் ஓய்வாக வைத்தே நடக்க ஆரம்பித்துவிட்டான், முடிந்தது என்றுதான் நினைத்தோம். சில மாதம் கழித்து மண் தட்டில் போய் உட்கார்ந்து முக்குவான், ஒன்றும் வராது, கத்திக்கொண்டே வெளியே வருவான். எக்ஸ்ரேயில் பார்த்தால் இடுப்பெலும்பு உள்ளே தள்ளிச் சேர்ந்து, மலம் போகும் வழி பாதியாகக் குறுகியிருந்தது. இதை அப்படியே விட்டால் பெருங்குடல் விரிந்துபோய், சுருங்கும் சக்தியையே இழந்துவிடுமாம். எங்களுக்கு மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பும் ஈரமான உணவுமாக ஓடுகிறது, எல்லாப் பூனைக்கும் அது போதாது, சிலதுக்கு ஆபரேஷன்தான். இடுப்பு அடிபட்ட பூனை வைத்திருப்பவர்கள் தினமும் மலம் போகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

இன்னொன்று, வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரையில் உயிர் போய்விடும்.

*

எங்கள் ஊரில் ஒரு நாட்டு நாய்க்கு நடந்தது. மனுஷனுக்குப் புத்தூர் கட்டுக் கட்டுவதுபோல் யாரோ மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவி, இறுக்கிக் கட்டிவிட்டார்கள். நான் பார்த்தபோது பாதம் வீங்கி, விரல்களில் ஈ மொய்த்தது, கிட்டே போக முடியாத வாடை. ரத்தம் போகாமல் பாதமே அழுகிவிட்டது, காலை எடுக்க வேண்டியதாயிற்று. கட்டியவரும் நல்ல மனசோடுதான் செய்தார், அதுதான் இன்னும் வேதனை. மூன்று காலோடு இன்றைக்கும் பால்காரரின் வண்டியைத் துரத்துகிறான்.

கட்டுப் போட்டால் அடியில் நடுவிரல் இரண்டு வெளியே தெரியும்படி விடச் சொல்லுங்கள். அந்த இரண்டு நகமும் விலகி நின்றால் உள்ளே வீக்கம், காத்திருக்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கட்டு நனைந்தாலும், வாடை வந்தாலும் அப்படித்தான்.

*

கால்சியம் மாத்திரை கொடுக்கலாமா என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்கு: சத்தான உணவு சாப்பிடுகிற வளர்ந்த நாய்க்கு அது எலும்பைச் சேர்க்காது, எங்கள் டாக்டர் வேண்டாம் என்றார். வெறும் கறி மட்டும் தின்று வளரும் குட்டிகள் கதை வேறு. அவற்றுக்கு எலும்பே மெலிந்து, விழாமலேயே மடங்கி முறியும், அங்கே முதலில் மாற்ற வேண்டியது உணவை. பிளேட்டை எடுக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தொந்தரவு இல்லாவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எடுத்தால் ஸ்க்ரூ ஓட்டை மூடி எலும்பு பலப்படும்வரை மறுபடி ஓட்டம், குதியல் கூடாது.