கையேட்டுக்கு அவசரம்: அப்டேட், அப்கிரேடு இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

கோவில்பட்டி, திங்கள் காலை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் கல்வி மாவட்டத்தில் கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்காக நாற்பது பக்கத்தில் ஒரு கையேடு தயாராகிறது. தமிழாக்கம் என் பொறுப்பு. வெள்ளி மாலைக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்தது, ஒரே இடத்தில்தான் நிற்கிறேன்.

அப்டேட் என்றால் இருக்கிற பதிப்புக்கு வரும் திருத்தங்களைச் சேர்ப்பது, அப்கிரேடு என்றால் அடுத்த பதிப்புக்கே போவது. இரண்டையும் 'மேம்படுத்துதல்' என்றே எழுதிக்கொண்டு போனேன். பதினோராம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். "மாதம் ஒருமுறை தவறாமல் மேம்படுத்தவும். முன் அனுமதி இல்லாமல் மேம்படுத்தக் கூடாது" என்று அடுத்தடுத்து இரண்டு வரி. நானே படித்துவிட்டுக் குழம்பினேன்.

இது வெறும் சொல் பிரச்சினை இல்லை. ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். இணையவழித் தேர்வு அன்று காலை, ஆய்வகத்தைத் திறந்த ஆசிரியை திரையில் வந்த பெட்டிக்குச் 'சரி' கொடுத்துவிட்டார். சுற்றறிக்கையில் 'கணினிகளை உடனுக்குடன் மேம்படுத்தி வைக்கவும்' என்றுதானே இருந்தது! பத்துக் கணினியும் நீலத் திரையில் சதவீதம் எண்ண ஆரம்பித்தன. 27-இல் வந்து அப்படியே நின்றது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாகத் தரையில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்வு மதியத்துக்கு மேல்தான் தொடங்கியது. அந்த ஆசிரியை அன்று அழுதார். அவர் மேல் என்ன தப்பு?

இப்போது இன்னும் அவசரம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 11-க்குப் போக 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு எல்லாம் வேண்டும். ஆக, சில கணினியில் அப்டேட் மட்டும், சிலவற்றில் அப்கிரேடு, சிலவற்றைக் கழித்துவிட்டுப் புதுசு வாங்க வேண்டும். மூன்றும் தனித்தனி வேலை, தனித்தனி ஒப்புதல்.

'புதுப்பித்தல்' வேண்டாம் என்பது என் எண்ணம். வைரஸ் தடுப்பு மென்பொருளின் உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், பள்ளி அங்கீகாரத்தைப் புதுப்பிக்கிறோம். அந்தச் சொல்லுக்கு அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. 'தரம் உயர்த்துதல்' நல்ல சொல்தான். ஆனால் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளி ஆக்குவதற்குப் பெயரே அதுதான். "எங்கள் பள்ளி ஆய்வகம் தரம் உயர்த்தப்படுகிறது" என்று எழுதினால் தலைமையாசிரியர், புதிதாக எத்தனை பணியிடம் என்று கேட்பார்.

உங்கள் கருத்து வேண்டும்.

தஞ்சாவூர், திங்கள் மதியம்

அம்மாவுக்கு வணக்கம். அப்டேட்டுக்குச் சொல் கையில் இருக்கும்போது எதற்குத் தேட வேண்டும்? இற்றைப்படுத்தல். இற்றை என்றால் இன்றைய நாள். ஒன்றை இன்றைய நிலைக்குக் கொண்டுவருவது இற்றைப்படுத்தல். இதைவிடப் பொருத்தமாக எந்த மொழியிலும் அமையாது.

சொல்லின் பிறப்பையும் பாருங்கள். இன்று என்பது மென்தொடர்க் குற்றியலுகரம். அது வன்தொடராகி, ஐகாரம் பெற்று இற்றை ஆகிறது. "ஐயீற்று உடைக் குற்றுகரமும் உளவே" என்று நன்னூல் இடம் கொடுத்திருக்கிறது. பண்டு பண்டை ஆனதும் அன்று அற்றை ஆனதும் இதே வழியில்தான். புறநானூற்றில் பாரி மகளிர் "அற்றைத் திங்கள்" என்று தொடங்கி "இற்றைத் திங்கள்" என்று தொடரவில்லையா? தந்தையை இழந்த பிள்ளைகள் அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே கிடந்த பள்ளத்தை அந்த இரண்டு சொல்லில் காட்டினார்கள். அதே சொல் இன்று கணினிக்கு உதவுகிறது என்றால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இரண்டாவதற்குப் பதிப்பேற்றம். பழைய பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு ஏற்றுவது.

சேலம், திங்கள் இரவு

ஐயா, இலக்கணத்தில் உங்களோடு வாதாட எனக்குத் தெம்பு கிடையாது. பதினெட்டு வருடமாகப் பள்ளிப் பள்ளியாகப் போய்க் கணினி பழுது பார்க்கிறவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இற்றை என்று எழுதினால் எங்கள் பக்கத்தில் 'இத்துப்போச்சு' என்றுதான் காதில் விழும். துணி இத்துப்போகும், கூரைத் தகரம் இத்துப்போகும். "கணினியை இற்றைப்படுத்தவும்" என்று படித்தால், கெடுத்து வைக்கச் சொல்கிறார்களா என்று ஆசிரியர் கேட்பார். அப்டேட் என்றே எழுதுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

பதிப்பேற்றம் ஆபத்து. பள்ளி விவரங்களைச் சேர்க்கும் எமிஸ் தளத்தில் தினமும் ஆசிரியர்கள் செய்வது 'பதிவேற்றம்'. வாட்சப் குழுவில் 'இன்று மாலைக்குள் பதிவேற்றம் செய்யவும்' என்று தகவல் வராத நாள் இல்லை. ஓரிரு எழுத்து மாறினால் விவரம் ஏற்ற வேண்டியவர் விண்டோஸை ஏற்றிவிடுவார். வேகமாகப் படிக்கிற கண் அந்த எழுத்தைப் பார்க்காது.

யாழ்ப்பாணம், செவ்வாய் அதிகாலை

எல்லோருக்கும் வணக்கம். இற்றைப்படுத்தல் விளங்காது என்று சேலத்து அண்ணா சொல்வது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எங்கள் பாடசாலைகளில் கனகாலமாகப் புழங்கும் சொல் அது. தரம் 10 பிள்ளைகூட யோசிக்காமல் சொல்லும். ஒரு சொல்லைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் பத்து வருடத்தில் அது எளிய சொல் ஆகிவிடும். முதல் நாளே கடினம் என்று ஒதுக்கினால் எப்போதும் கடினம்தான்.

'தரமுயர்த்தல்' எங்களுக்கும் சரிவராது, காரணம் வேறு. எங்கள் நாட்டில் வகுப்புக்கே தரம் என்று பெயர். தரம் 5 புலமைப்பரிசில் என்றுதான் சொல்வோம். கணினியைத் தரமுயர்த்தினால் அது தரம் 6-க்குப் போய்விடும்.

பதிப்பேற்றம் எங்களுக்குக் குழப்பம் தராது. பதிவேற்றத்தை நாங்கள் தரவேற்றம் என்றும் சொல்வதுண்டு. ஆகவே தஞ்சை ஐயாவின் இரண்டு சொல்லுக்கும் என் ஆதரவு.

தஞ்சாவூர், செவ்வாய் காலை

சேலத்து நண்பருக்கு. 'இத்துப்போதல்' வேறு வேர். இறு என்றால் முறிதல், முடிதல். இறுதி, இறுவாய் எல்லாம் அதன் பிள்ளைகள். குறளில் அளவுக்கு மீறி மயிற்பீலி ஏற்றிய வண்டியும் 'அச்சிறும்' என்கிறாரே, அந்த இறு. இன்று என்பதற்கும் அதற்கும் உறவில்லை. ஒலி ஒன்றாக இருப்பதால் ஒரு நல்ல சொல்லைக் கைவிடலாமா? மாலை என்றால் பூமாலையும் உண்டு, பொழுதும் உண்டு. யாரும் தடுமாறுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழில் அறிவியல் சொற்கள் ஆக்குவதற்கு 1916-லேயே சங்கம் வைத்த ஊர் சேலம். ராஜாஜி அதில் முன்னின்றார். அந்த ஊரிலிருந்து 'அப்டேட் என்றே எழுதுங்கள்' என்று கடிதம் வருவது எனக்கு வருத்தம்.

சேலம், செவ்வாய் மதியம்

வருத்தப்படாதீர்கள் ஐயா. அந்தச் சங்கம் எனக்கும் பெருமைதான்.

ஆனால் நீங்கள் சொன்ன குறளையே நானும் எடுத்துக்கொள்கிறேன். 2 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் புதுப் பதிப்பை ஏற்றினால் நடப்பது அதுதான், அச்சு இறும். போன மாதம்கூடப் பார்த்தேன். திறந்து திரை வரப் பதினைந்து நிமிடம். பிள்ளை மவுசைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான், பாடவேளையே முடிந்துவிட்டது. அதனால் அப்கிரேடுக்கு வைக்கிற சொல்லில் 'மேம்பாடு', 'உயர்வு' என்ற வாசனையே வேண்டாம் என்பது என் எண்ணம். ஆசிரியர்கள் உயர்வு என்றால் எப்போதும் நல்லது என்று நினைக்கிறார்கள். நடப்பது மாற்றம். 'பதிப்பு மாற்றம்' என்று நேராகச் சொன்னால் என்ன?

காஞ்சிபுரம், செவ்வாய் இரவு

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது சும்மா இருக்க முடியவில்லை.

கல்வெட்டில் 'புதுக்குப்புறம்' என்று ஒரு சொல் வரும். கோயிலைப் பழுதுபார்த்துப் புதுக்குவதற்கென்று எழுதிவைத்த நிலம். நம் முன்னோர் கட்டும்போதே பராமரிப்புக்கு ஒரு வருமானத்தைத் தனியாக ஒதுக்கினார்கள். பள்ளிகளில் கணினி வாங்கப் பணம் வருகிறது, அதற்குப் பின் ஆண்டுப் பராமரிப்புக்கு வருவதில்லை. கையேட்டில் அந்த அத்தியாயத்துக்காவது இந்தச் சொல்லைத் தலைப்பாக வைக்கலாம் என்று ஆசைப்படுகிறேன்.

அதே போல் அப்டேட்டுக்குப் 'புதுக்கல்'. சிறிய சொல், பழைய சொல், வினையாகவும் நிற்கும்: புதுக்கு, புதுக்கினார், புதுக்கிய கணினி.

கோயிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. திருப்பணி தொடங்கும் முன் மூலவரின் ஆற்றலைச் சிறிய தற்காலிகச் சந்நிதிக்கு மாற்றிப் பூசையை நிறுத்தாமல் நடத்துவார்கள், பாலாலயம் என்று பெயர். சர்வரை மாற்றும்போது விவரங்களை வேறோர் இடத்தில் வைத்துச் சேவையை நிறுத்தாமல் நடத்துகிறோமே, அது இதுதான். சொல் கடனாக இருந்தாலும் கருத்து நம்முடையது. யோசித்துப் பாருங்கள்.

மூணாறு, புதன் காலை

காஞ்சி நண்பருக்கு நன்றி. நான் கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியை. எங்கள் பள்ளியில் மலையாள ஆசிரியர்கள் 'புதுக்குக' என்று இன்றும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். நாம் கல்வெட்டில் தேடும் சொல் பக்கத்து வகுப்பறையில் உயிரோடு இருக்கிறது.

ஆனால் பெயராக வரும்போது சிக்கல் உண்டு. 'புதுக்கல்' என்று எழுதிக் காட்டினேன். நாலைந்து பிள்ளைகள் புதுக் கல் என்று பிரித்துப் படித்தார்கள். கருங்கல், செங்கல் மாதிரி.

அப்கிரேடு பற்றி ஒரு வார்த்தை. இங்கே பள்ளிகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம்தான். கேரள அரசின் கைட் நிறுவனம் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் பள்ளிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிறது. 18.04-இலிருந்து 22.04-க்குப் போனபோது பழையதன் மேல் ஏற்றவில்லை. பிள்ளைகளின் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு முழுசாகப் புதிதாக நிறுவினோம். அங்கே ஏற்றம் என்ற சொல்லே பொருந்தாது. சேலத்து அண்ணன் சொல்லும் பதிப்பு மாற்றம் பொருந்தும். அந்த 22.04 என்பதே 2022 ஏப்ரல் என்றுதான் பொருள், பதிப்பின் பெயரிலேயே வயது தெரிகிறது. உங்கள் கையேட்டில் பழைய கணினிகளுக்கு லினக்ஸையும் ஒரு வழியாகச் சொல்லுங்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழ்நாட்டு மாணவர் மடிக்கணினிகளில் வந்ததுதானே, புதிதில்லை.

தஞ்சாவூர், புதன் மதியம்

பதிப்பு மாற்றம் என்பதில் திசை இல்லை. 11-இலிருந்து 10-க்குத் திரும்பினாலும் அது பதிப்பு மாற்றம்தான். கலைச்சொல் என்றால் பொருளை வரையறுக்க வேண்டும். ஏற்றத்தை எளிதாக விடாதீர்கள். கிணற்றில் ஏற்றம் இறைப்பவர் சால் கீழே இறங்கித்தான் மேலே வரும் என்பதை அறிவார். முழுசாக அழித்துவிட்டு நிறுவுவதும் அப்படித்தான், இறங்கி ஏறுவது. மூணாறு அம்மா சொன்னதும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

யாழ்ப்பாணம், புதன் இரவு

திசை வேண்டும் என்பது நியாயம். 'பதிப்புயர்த்தல்' என்றால் இரண்டு பக்கமும் சமாதானம் ஆகாதா?

சேலம், புதன் இரவு

உயர்த்தல் வந்துவிட்டதே அண்ணா. ஆய்வகத்தில் திசை மாறி யாரும் 10-க்குத் திரும்பப் போவதில்லை. இல்லாத குழப்பத்துக்குச் சொல்லில் இடம் ஒதுக்க வேண்டாம்.

கோவில்பட்டி, வியாழன் மாலை

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் கரும்பலகையில் சொற்களை எழுதிப் பொருள் கேட்டேன். 'இற்றைப்படுத்தல்' என்றதும் முன் வரிசைப் பெண் ஒருத்தி, "இத்துப்போனதைச் சரிபண்றதா மிஸ்?" என்றாள். சேலத்து அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. மார்கழியில் கோயில் ஒலிபெருக்கியில் "இற்றைப் பறைகொள்வான்" என்று கேட்டதில்லையா என்றேன். பின்னாலிருந்து ஒருத்தி அந்த வரியை முழுசாகப் பாடிவிட்டாள். "அப்போ இன்னைக்குன்னு அர்த்தமா?" என்று முன் வரிசைப் பெண் தானே கேட்டாள். அதற்குப் பிறகு வகுப்பில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரே ஒரு நிமிடம்தான் ஆனது. அந்த ஒரு நிமிடத்தைக் கையேட்டிலும் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

'பதிப்பேற்றம்' என்பதை முப்பத்திரண்டு பேரில் பாதிக்கு மேல் பதிவேற்றம் என்றே படித்தார்கள். அதை எடுத்துவிட்டேன். ஐயா மன்னிக்க வேண்டும்.

கையேட்டில் போவது இப்படி: அப்டேட்டுக்கு இற்றைப்படுத்தல், முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் அப்டேட் என்று இருக்கும். அப்கிரேடுக்குப் பதிப்பு மாற்றம். உரிமத்துக்குப் புதுப்பித்தல். கழித்துவிட்டு வாங்குவதற்குச் சொல் எதுவும் ஆக்கவில்லை, 'புதுக் கணினி வாங்குதல்' என்றே எழுதிவிட்டேன். பதினோராம் பக்கம் இப்போது இப்படி இருக்கிறது: "மாதம் ஒருமுறை இற்றைப்படுத்தவும். முன் அனுமதி இல்லாமல் பதிப்பு மாற்றக் கூடாது. தேர்வு நாளில் இரண்டும் வேண்டாம்."

காஞ்சி அண்ணன் சொன்ன புதுக்குப்புறத்தைப் பராமரிப்பு நிதி அத்தியாயத்தின் முதல் பத்தியில் சேர்த்திருக்கிறேன். படிக்கிற அதிகாரி ஒருவராவது நின்று யோசிப்பார்.

தஞ்சாவூர், வியாழன் இரவு

ஒரு சொல் வென்றது, ஒரு சொல் தோற்றது. உங்கள் வகுப்பறைச் சோதனையை மதிக்கிறேன். ஆனால் பதிப்பு மாற்றம் விளக்கம்தான், கலைச்சொல் ஆகாது. அதிலிருந்து வேறு சொல் கிளைக்காது, பதிப்பு மாற்றத்தக்க கணினி என்று எழுதிப் பாருங்கள், நாக்கு இடறும். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

யாழ்ப்பாணம், வெள்ளி அதிகாலை

அச்சுக்குப் போகும் கோப்பில் ஒரு பிரதி எனக்கும் அனுப்புங்கள் அக்கா. எங்கள் வலயத்து ஆசிரியர்களுக்குக் கொடுக்கலாம். பதிப்பு மாற்றம் வரும் இடமெல்லாம் பதிப்பேற்றம் என்று மாற்றிக்கொள்ள அனுமதி தருவீர்களா?

கோவில்பட்டி, வெள்ளி காலை

தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள் தம்பி. கோப்பு இணைத்திருக்கிறேன். பாலாலயம் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சர்வர் அத்தியாயம் அடுத்த கையேட்டில்தான், அதற்குள் பேசிவிடலாம்.