ஸ்டோரேஜ் பாதைகள் எல்லாம் பச்சையாக இருக்கின்றன, ஆனாலும் விஎம்கள் (மெய்நிகர் கணினிகள்) உறைந்துபோகின்றன – உதவி வேண்டும்

தஞ்சை லேப்:
வணக்கம். தஞ்சாவூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் சர்வர் அறையை நானும் இன்னொருவரும் பார்த்துக்கொள்கிறோம். 16 ஸ்லாட் பிளேடு சேஸி (மெல்லிய சர்வர்களைச் செருகும் பெட்டி), அதில் 8 பிளேடு ஓடுகிறது. எல்லாவற்றிலும் விஎம்களை ஓட்டும் ஈஎஸ்எக்ஸ்ஐ 7, அவற்றை நிர்வகிக்கும் விசென்டரில் ஒரே கிளஸ்டர். ஸ்டோரேஜ் ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக டிஸ்க்கை அணுகும் முறை), இரண்டு கன்ட்ரோலர். சேஸிக்குப் பின்னால் உள்ள இரண்டு இன்டர்கனெக்ட் மாட்யூலிலிருந்து ரேக்கில் இருக்கும் ஏ, பி என்ற இரண்டு சுவிட்சுக்குக் கேபிள் போகிறது. ஒவ்வொரு பிளேடிலும் ஸ்டோரேஜுக்கான விஎம்கேபோர்ட் இரண்டு: விஎம்கே1 ஏ பக்கம், விஎம்கே2 பி பக்கம். பாத் பாலிசி ரவுண்ட் ராபின் (பாதைகளை மாறி மாறிப் பயன்படுத்துவது).

போன வாரம் இடி மழையில் பி சுவிட்ச் எரிந்துவிட்டது. அதே மாடலில் வேறொன்று வாங்கினோம். சப்ளையரின் ஆள் வந்து பழைய கான்ஃபிக் பேக்கப்பை ஏற்றிக் கொடுத்தார். விலான், ட்ரங்க் எல்லாம் பழையபடியே இருக்கின்றன. ஆனால் அன்று இரவிலிருந்து விஎம்கள் திடீரென்று உறைகின்றன. அரை நிமிடம், ஒரு நிமிடம் அப்படியே நிற்கும், அப்புறம் ஒன்றும் நடக்காதது போல ஓடும். தேர்வுக் கட்டணம் வாங்கும் லினக்ஸ் விஎம் இரண்டு முறை ரீட் ஒன்லி (எழுத முடியாத நிலை) ஆகிவிட்டது. பிள்ளைகள் கடைசித் தேதிக்குள் பணம் கட்ட முடியாமல் அலுவலக வாசலில் நிற்கிறார்கள்.

விசென்டரில் பார்த்தால் எல்லாப் பாதையும் ஆக்டிவ். ஸ்டோரேஜ் பேனலில் ஒரு எச்சரிக்கையும் இல்லை. எந்தப் பிளேடிலிருந்து பிங் செய்தாலும் ஒரு பாக்கெட்கூட விழவில்லை. எங்கே தேடுவது என்றே தெரியவில்லை.

மன்னை நெட்வொர்க்:
அறை ஏசி சரியாக ஓடுகிறதா? பழைய ஸ்னாப்ஷாட் ஏதாவது பெரிதாக வளர்ந்து கிடக்கிறதா? இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். விஎம்கர்னல் லாகில் என்ன வருகிறது என்றும் சொல்லுங்கள்.

நாகை அட்மின்:
சேஸியை ஒருமுறை முழுசாக ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் சார். எங்களுக்கு ஒருமுறை அப்படித்தான் சரியானது.

குடந்தை ஸ்டோரேஜ்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் 8 ஹோஸ்ட்டும் ஒரே சேஸியில் இருக்கின்றன. சேஸியை அணைத்தால் எச்ஏ (ஹோஸ்ட் விழுந்தால் விஎம்களை வேறு ஹோஸ்ட்டில் எழுப்பும் வசதி) விஎம்களைத் தூக்கி வைக்க இன்னொரு இடமே கிடையாது, எல்லாம் ஒரே அடியாக விழும். ஏற்கெனவே ஃபைல் சிஸ்டம் அடிபட்ட விஎம் இருக்கும்போது இது பெரிய ஆபத்து. காரணமும் தெரியாமல் போய்விடும்.

சுவிட்ச் மாற்றிய இரவிலிருந்து என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் தம்பி. அங்கிருந்தே தொடங்குவோம். உங்கள் பிங் சின்ன பாக்கெட். ஸ்டோரேஜ் போக்குவரத்து அப்படி இல்லை. விஎம்கேபோர்ட்டில் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 வைத்திருக்கிறீர்களா? இருந்தால் ஒரு பிளேடில் எஸ்எஸ்எச் போட்டு விஎம்கேபிங் கட்டளையை -ஐ விஎம்கே1 -டி -எஸ் 8972 என்று கொடுத்து, கடைசியில் ஸ்டோரேஜின் ஏ பக்க ஐபி போடுங்கள். அப்புறம் விஎம்கே2க்கு பி பக்க ஐபி. ஐ மட்டும் பெரிய எழுத்து, மற்ற இரண்டும் சின்ன எழுத்து. டி போட்டால் பாக்கெட்டை வழியில் துண்டாக்கக் கூடாது என்று பொருள். அதை விட்டுவிட்டால் இந்தச் சோதனைக்கே பயனில்லை. 8972 ஏன் என்றால், ஐபி ஹெடருக்கு 20 பைட், ஐசிஎம்பிக்கு 8 பைட், கூட்டினால் 9000.

தஞ்சை லேப்:
ஏசி சரியாக இருக்கிறது, 22 டிகிரி. பழைய ஸ்னாப்ஷாட் எதுவும் இல்லை. எம்டியூ 9000தான், விஎம்கே இரண்டிலும் விசுவிட்சிலும்.

அண்ணே, விஎம்கே1ல் 8972 ஒழுங்காகப் போய் வருகிறது. விஎம்கே2ல் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அதே விஎம்கே2ல் 1472 போட்டால் எல்லாம் வருகிறது. நாலு பிளேடில் பார்த்தேன், நாலிலும் இப்படியே. லாகில் பாதை நிலை சந்தேகம் என்ற வரி நிறைய வருகிறது, கூடவே கட்டளை கைவிடப்பட்டதற்கான எச்:0x5. ஆனால் பாதை செத்ததாக மட்டும் ஒரு இடத்திலும் இல்லை. பெரிய பாக்கெட் போகவில்லை என்றால் பாதை எப்படி ஆக்டிவாக இருக்கும்?

குடந்தை ஸ்டோரேஜ்:
சரி, பிடிபட்டுவிட்டது. உங்கள் கேள்விதான் இதில் முக்கியமானது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிசிபி இணைப்பு தொடங்கும்போது இரண்டு முனையும் தங்கள் அளவைச் சொல்லிக்கொள்ளும். பிளேடிலும் 9000, ஸ்டோரேஜிலும் 9000. அதனால் ஒரு செக்மென்டில் 8960 பைட் அனுப்பலாம் என்று முடிவாகிறது. நடுவில் இருக்கும் சுவிட்சை யாரும் கேட்பதில்லை. ரவுட்டராக இருந்தால் பாக்கெட் பெரிது என்று ஒரு ஐசிஎம்பி செய்தியாவது திருப்பி அனுப்பும். லேயர் 2 சுவிட்ச் அதுகூடச் செய்யாது, சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அனுப்பிய முனை திரும்பத் திரும்ப அதே பெரிய செக்மென்டை அனுப்பிக் காத்துக் கிடக்கும்.

பாதை உயிரோடு இருக்கிறதா என்று ஈஎஸ்எக்ஸ்ஐ சோதிக்கும் கட்டளைகள் மிகச் சின்னவை. ஐஸ்கஸி லாகின், நோப், டெஸ்ட் யூனிட் ரெடி எல்லாமே 1500க்குள் அடங்கிவிடும். விஎம்எஃப்எஸ் (ஈஎஸ்எக்ஸ்ஐயின் ஃபைல் சிஸ்டம்) ஹார்ட்பீட் எழுதுவதும் 512 பைட்தான். இவை எல்லாம் பி வழியாகத் தடையில்லாமல் போகின்றன, அதனால் பாதை பச்சை. உங்கள் டேட்டாபேஸ் படிக்கும் ஒரு சின்ன 4 கேபி பிளாக்கூட அந்த வழியில் போகாது. ரவுண்ட் ராபினில் இயல்பாக ஒரு பாதையில் 1000 ஐஓ (படிக்கும், எழுதும் கோரிக்கைகள்) போன பிறகு அடுத்த பாதைக்கு மாறும். ஏ முறை வரும்போது விஎம் ஓடும், பி முறை வரும்போது உறையும். கட்டளை கைவிடப்பட்டு மறுபடி ஏ பக்கம் வந்ததும் திரும்ப ஓடும். அந்த அரை நிமிடம், ஒரு நிமிடம் இதுதான். பி முழுசாகச் செத்திருந்தால் உங்களுக்கு இந்தத் தொல்லையே வந்திருக்காது, எல்லாம் ஏ வழியாக அமைதியாக ஓடியிருக்கும்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை என்றால் நடுவில் ஒவ்வொரு மதகாகத்தான் போய்ப் பார்க்க வேண்டும். இங்கேயும் அப்படியே செய்யுங்கள். பி சுவிட்சின் போர்ட் கவுன்ட்டரில் ஜயன்ட்ஸ் அல்லது ஓவர்சைஸ் (அளவு மீறி வந்தவை) என்று ஒரு எண் ஏறுகிறதா என்று பாருங்கள்.

மன்னை நெட்வொர்க்:
இடையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கான்ஃபிக் பேக்கப்பை ஏற்றியும் எம்டியூ ஏன் போனது என்று யோசிப்பீர்கள். சில பழைய சுவிட்ச் மாடல்களில் சிஸ்டம் எம்டியூ கான்ஃபிக் ஃபைலிலேயே சேமிக்கப்படாது. அது தனியாக என்வி ரேமில் இருக்கும். பேக்கப்பை வரிவரியாக ஒப்பிட்டாலும் வித்தியாசம் தெரியாது, புதுப் பெட்டியில் 1500 என்ற இயல்புநிலைதான் இருக்கும். மதிப்பைக் கையால் கொடுத்து, அப்புறம் சுவிட்சை ரீலோட் செய்தால்தான் அமலுக்கு வரும். ஏ, பி இரண்டிலும் ஷோ சிஸ்டம் எம்டியூ போட்டு ஒப்பிடுங்கள்.

தஞ்சை லேப்:
அப்படியேதான் இருக்கிறது. ஏவில் ஜம்போ (1500ஐவிடப் பெரிய அளவு) 9198, பியில் 1500. ஜயன்ட்ஸ் எண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறுகிறது. இப்போதே மாற்றி ரீலோட் செய்துவிடட்டுமா?

நாகை அட்மின்:
ஜம்போவே எதற்கு? எல்லாவற்றையும் 1500க்குக் கொண்டுவந்துவிட்டால் இனி இந்தப் பிரச்சினையே வராதே.

குடந்தை ஸ்டோரேஜ்:
நாகை நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புதிதாகக் கட்டுகிறவர்கள் 1500லேயே தொடங்கி, தேவை என்று அளந்து பார்த்த பிறகு ஏற்றுவதுதான் என் கருத்தும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் 8 பிளேடின் விஎம்கேக்களையும் ஸ்டோரேஜ் போர்ட்களையும் தொடுவதைவிட ஒரு சுவிட்சைச் சரி செய்வது சின்ன வேலை. நடுவில் இருப்பதன் எம்டியூ முனைகளைவிடப் பெரிதாக இருக்கலாம், சிறிதாக மட்டும் இருக்கக் கூடாது.

இப்போதே ரீலோட் வேண்டாம் தம்பி. முதலில் எல்லா ஐஓவையும் ஏ பக்கம் தள்ளுங்கள். மீதி நாலு பிளேடிலும் விஎம்கே1ல் 8972 போகிறதா என்று பார்த்துவிட்டு, பி சுவிட்சில் ஸ்டோரேஜுக்குப் போகும் போர்ட்களை மட்டும் ஷட் செய்யுங்கள். சில நொடிகள் இழுக்கும், அப்புறம் பி பாதைகள் டெட் என்று காட்டும். அதுதான் நமக்கு வேண்டியது. உறைவது இதிலேயே நின்றுவிடும், பிள்ளைகள் பணம் கட்டலாம்.

அப்புறம் இரவில் பேக்கப் முடிந்ததும் பியில் எம்டியூ மாற்றி ரீலோட். வேறு எந்த விலான் அந்த சுவிட்ச் வழியாகப் போகிறது என்று முன்பே பாருங்கள், விமோஷன் (ஓடும் விஎம்மை வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்துவது) அங்கே இருக்கக்கூடும். சுவிட்ச் எழுந்ததும் ஸ்டோரேஜ் போர்ட் ஒன்றை மட்டும் திறந்து, 8 பிளேடிலிருந்தும் விஎம்கே2ல் 8972 சோதித்துவிட்டு மற்றதைத் திறங்கள். இது முடியும்வரை ஏ சுவிட்சை யாரும் தொடக் கூடாது. இப்போது உங்களிடம் இருப்பது ஒரே கால்.

தஞ்சை லேப்:
மதியம் போர்ட்களை ஷட் செய்தேன். சொன்னபடியே பாதைகள் டெட் ஆயின, அதற்குப் பிறகு ஒரு விஎம்மும் உறையவில்லை. இரவு எம்டியூ மாற்றி ரீலோட் செய்தோம். இப்போது 8 பிளேடிலும் இரண்டு பக்கமும் 8972 போகிறது, ஜயன்ட்ஸ் எண் நின்ற இடத்திலேயே இருக்கிறது. விமோஷனும் பி வழியாகத்தான் இருந்தது. அதுவும் இடையில் நின்றுபோன காரணம் இப்போது புரிகிறது. மிக்க நன்றி அண்ணே, மன்னை சாருக்கும் நன்றி. கட்டண விஎம்மை இனி அப்படியே விடலாமா?

குடந்தை ஸ்டோரேஜ்:
விடாதீர்கள். ரீட் ஒன்லி ஆன விஎம்மை ரெஸ்க்யூவில் எழுப்பி எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டம் சரிபார்ப்பு) ஓட்டுங்கள், டேட்டாபேஸின் டேபிள்களையும் சரிபாருங்கள். உறைந்த நேரத்தில் வந்த கட்டணங்களை வங்கிக் கணக்கோடு ஒப்பிட அலுவலகத்திடம் சொல்லுங்கள். பணம் போயும் பதிவாகாத பிள்ளை ஒருவர்கூட இருக்கக் கூடாது. ஓபன் விஎம் டூல்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள், லினக்ஸில் டிஸ்க் டைம்அவுட்டை அது 180 நொடியாக உயர்த்தி வைக்கும். ஈஎஸ்எக்ஸ்ஐ 7க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, அதை நிர்வாகத்திடம் தனியாகப் பேசுங்கள்.

மன்னை நெட்வொர்க்:
சுவிட்ச் எரிந்த காரணத்தையும் விட்டுவிட வேண்டாம். கட்டடத்துக்குக் கட்டடம் காப்பர் கேபிள் ஓடுகிறதா? ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் இடி எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கட்டடத்தின் எர்த்துக்கு நடுவே வரும் மின்னழுத்த வேறுபாடு அந்தக் கேபிள் வழியாகத்தான் போர்ட்டுக்குள் நுழைகிறது. கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் போட்டு மீடியா கன்வெர்ட்டரிலோ எஸ்எஃப்பியிலோ முடியுங்கள். எர்த் பிட்டையும் எலக்ட்ரீஷியனை வைத்து அளந்துவிடுங்கள்.

தஞ்சை லேப்:
ஆமாம் சார், விடுதியிலிருந்து காப்பர்தான் வருகிறது, நேராக அந்த பி சுவிட்சில். ஃபைபருக்கு மதிப்பீடு கேட்டிருக்கிறேன். அதுவரை அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டு, விடுதிக்கு வேறு சின்ன சுவிட்ச் வழியாகத் தனி இணைப்பு கொடுக்கிறேன்.