'பிங்க் நாய்ஸ்': நிறப்பெயர் வேண்டுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒலிபெருக்கியின் தரத்தைச் செவியால் மதிப்பிட உதவும் சோதனை ஒலிகளுள் முதன்மையானதாகிய 'பிங்க் நாய்ஸ்' நம் ஒலியியல் கலைச்சொல் பட்டியலில் 'இளஞ்சிவப்பு இரைச்சல்' என்று இடம்பெற்றுள்ளது. அதனை 'நிகர்மண்டில இரைச்சல்' என மாற்றலாம் என்பது என் முன்மொழிவு.

நிறப்பெயர் ஒளியியலிலிருந்து வந்தது. தாழ்ந்த அலைவெண்கள் (ஃப்ரீக்வென்சி) ஓங்கினால் வெண்ணொளி சிவப்பின் பக்கம் சாயும் என்று அறிந்தவருக்கே அது பொருள்படும். சொல்லால் உணர்த்த வேண்டிய செய்தி வேறு. மண்டிலம் என்று நான் சொல்வது 'ஆக்டேவ்', அதாவது அலைவெண் இருமடங்காகும் இடைவெளி. 20 முதல் 40 ஹெர்ட்ஸ் வரையுள்ள மண்டிலத்தின் அகலம் 20 ஹெர்ட்ஸ். 10,000 முதல் 20,000 வரையுள்ளதன் அகலமோ 10,000 ஹெர்ட்ஸ். வெள்ளிரைச்சலில் ('ஒயிட் நாய்ஸ்') ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் ஒரே அளவு ஆற்றல் என்பதால், மேல் மண்டிலத்துக்குக் கீழ் மண்டிலத்தைப்போல் 500 மடங்கு ஆற்றல் சேர்கிறது. அதாவது 27 டெசிபெல் மிகுதி. செவிக்கு அது சீறலாகவே படும். உயர்ந்த அலைவெண்களை ஒலிக்கும் ட்வீட்டருக்கும் வீண் சூடு. மண்டிலத்துக்கு 3 டெசிபெல் வீதம் தணித்துக்கொண்டே போனால் எல்லா மண்டிலங்களும் நிகராகின்றன. அதுவே பிங்க் நாய்ஸ். பெயர் இதைச் சொன்னால் போதும்.

'ஆக்டேவ்' என்பதற்கு 'எண்மம்' என்றால் டிஜிட்டலோடு குழம்பும். 'ஸ்தாயி' பரவலான சொல்லே எனினும் தொகைச்சொல்லில் எளிதில் ஒட்டுவதில்லை. 'சமமண்டிலம்' எனலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என்னும் மூன்றனுள் நடு ஸ்தாயியே சமன் மண்டிலம் ஆகையால், அச்சொல் இசை அறிந்தவரைத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்லும். 'நிகர்' என்று நான் தேர்ந்தது இதனால்தான்.

வேண்டாத ஒலியைத்தானே இரைச்சல் என்கிறோம், வேண்டியே எழுப்பும் ஒலிக்கு அப்பெயர் தகுமா என்ற தடை கருதத்தக்கது. ஆயினும் குறிப்பிட்ட சுருதி எதுவுமின்றித் தொடர்ந்து இரையும் இதன் இயல்பே இங்கே பயன்படுகிறது. நல்ல ஒலிபெருக்கியில் இது நிறமற்ற ஒரே சீரான இரைச்சலாக இருக்கும். 500 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிர்வு (ரெசொனன்ஸ்) இருந்தால் உள்ளே 'ஓ' என்றோர் உயிரொலி ஒளிந்திருப்பதுபோல் கேட்கும். அமர்ந்து கேட்டவர் எழுந்து நிற்கும்போது இரைச்சலின் சாயல் மாறினால், தாழ்ந்த அலைவெண்களை ஒலிக்கும் ஊஃபரும் ட்வீட்டரும் சேரும் அலைவெண்ணை ஐயுறலாம். இசைக்கு இடையிடையே ஓய்வும் மாற்றமும் உண்டாகையால் இத்தகைய குறைகள் அதில் மறைந்துவிடும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த ஃபிளாய்டு டூலும் ஷான் ஆலிவும் 1988இல் வெளியிட்ட ஆய்விலும், அகன்ற ஒத்ததிர்வுகளை வெளிக்கொணர்வதில் இந்த இரைச்சலே இசையை விஞ்சியது. ('மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ' கூடப் பேச்சொலியை மட்டும்தான் சோதிக்கிறது.)

நிறப்பெயர்களையே தொடர விரும்புவோர் 'பிரௌன் நாய்ஸ்' என்பதற்குப் பட்டியலில் உள்ள 'பழுப்பு இரைச்சல்' என்ற பதிவை மட்டுமாவது உடனே நீக்க வேண்டும். அங்கே 'பிரௌன்' நிறமன்று. நீர்மத்தில் மிதக்கும் நுண்துகள்களின் ஒழுங்கற்ற அசைவாகிய பிரௌனிய இயக்கத்துக்குப் பெயர் தந்த தாவரவியலாளர் ராபர்ட் பிரௌனின் பெயர். 'பிரௌனிய இரைச்சல்' என்பதே சரி.

தாழ்ந்த அலைவெண்ணிலிருந்து உயர்ந்ததுவரை வழுக்கிச் செல்லும் 'ஸ்வீப்' ஒலிக்கு முன்மொழியப்பட்ட 'வருடொலி' எனக்கு உடன்பாடே. பெட்டியின் தளர்ந்த திருகாணி கிடுகிடுக்கும் இடத்தை இரைச்சலைவிட அதுவே தெளிவாகக் காட்டும் என்பதால், விளக்கக் குறிப்பில் இரண்டின் பயனையும் தனித்தனியே எழுத வேண்டுகிறேன்.