முதுகுப் புள்ளிகளுக்குப் படுக்கவைக்கும் முறை: ‘அணைப்படுக்கை’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நான் கேட்ட ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் யோசித்து எழுதியதற்கு நன்றி. அக்குபங்சர் பயிலும் மாணவர்களுக்காக எழுதிவரும் கையேட்டில் முதுகுப் புள்ளிகள் பற்றிய அத்தியாயம் இந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருக்கிறது. முதுகில் ஊசி போடும் முன் நோயாளியை வசதியாகப் படுக்கவைக்கிறோம் அல்லவா, அந்த வேலைக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும். வகுப்பில் எல்லோரும் ‘பொசிஷனிங்’ என்கிறோம். ‘பேஷண்ட்டை ப்ரோன்ல (குப்புற) போடுங்க’ என்று நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். எழுத்தில் அப்படி விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> கவிழ்கிடை, மல்லார்கிடை, ஒருக்களிகிடை என்று வைத்தால் மூன்றும் ஒரே அச்சில் அமையும். பெருமாள் கோயில்களில் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்கிறோமே, அந்தக் ‘கிடை’தான் இது.

சொல்லமைப்பு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் ‘அவர் கிடையில விழுந்துட்டார்’ என்றால் இனி எழமாட்டார் என்று பொருள். இடுப்பு வலிக்கு வந்தவரின் காதில் விழக்கூடிய சொல் அல்ல அது. ‘கவிழ்’ என்பதும் படகுக்கும் ஆட்சிக்கும் போய்விட்டது.

> அதோமுக சயனம்.

முகம் கீழே இருக்கப் படுப்பது என்று பொருள். யோகப் பயிற்சி உள்ளவர்களுக்குப் புரியும். என் மாணவர்களில் பாதிப் பேர் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, பல வருடம் கழித்து இதைப் படிக்க வந்தவர்கள். அவர்களுக்கு ‘குப்புற’ என்றால் போதும். ‘குப்புற’வும் விழுவதைச் சொல்லும் சொல்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். ஆனால் வீட்டில் பிள்ளை முதன்முதலாகப் புரண்டதும் ‘குப்புற விழுந்துட்டான்’ என்று ஊருக்கே சொல்லி மகிழ்வதும் இதே சொல்லால்தான். அதனால் திசையைக் குறிக்க ‘குப்புற’ இருக்கட்டும். மல்லாக்க, ஒருக்களித்து என்ற சொற்களும் அப்படியே இருக்கட்டும். அவற்றைத் தொடவே வேண்டாம்.

> ‘பொசிஷனிங்’ என்பது செயல். படு என்பதன் பிறவினை படுத்து. ஆகவே ‘படுத்துகை’.

இலக்கணப்படி சரி. ஆனால் ‘ஏன் இப்படிப் படுத்துறே?’ என்றுதான் தமிழ்நாட்டில் கேட்போம். படுத்துகை என்றால் தொல்லை கொடுப்பது என்றே காதில் விழும். ‘கிடத்துதல்’ இன்னும் மோசம். அதை நாம் உயிரற்ற உடம்புக்குச் சொல்கிறோம். தன்வினை சாதாரணமாக இருந்தும் பிறவினை இப்படி ஏதோ ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போவதை இந்தத் தேடலில்தான் கவனித்தேன்.

> சீன ஒலியையே வைத்துக்கொள்ளலாமே?

பார்த்தேன். குப்புறப் படுப்பது ‘ஃபூ வோ வெய்’. உட்கார்ந்தபடி மேசைமேல் குனிந்து சாய்வது ‘ஃபூ ஃபூ ஸுவோ வெய்’. இந்த இரண்டு ஃபூவும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு தொனி. ஒன்று கீழ்நோக்கிக் குனிவது. மற்றது மனிதனும் நாயும் சேர்ந்த எழுத்து. நாயைப்போலத் தரையோடு தாழ்ந்து கிடப்பதைக் காட்டுவது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஆனால் சீனப் பாடநூல்களில் ஒன்றைக் கவனித்தேன். அவை வழக்கமாக ஆறு நிலைகளைச் சொல்கின்றன. படுக்கையில் மூன்று: மல்லாக்க, ஒருக்களித்து, குப்புற. இருக்கையில் மூன்று: பின்னால் சாய்ந்து, முன்னால் சாய்ந்து, பக்கவாட்டில் சாய்ந்து. உட்கார்ந்த நிலை மூன்றிலும் சாய்மானம் பெயரிலேயே இருக்கிறது. வெறுமனே உட்காரவைத்துக் குத்துவது அந்தப் பட்டியலிலேயே இல்லை. உடம்பு எதன்மேலாவது தன் பாரத்தை இறக்கி வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் உட்பொருள். நாம் இதுவரை திசைக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தோம். தேட வேண்டியது தாங்குதலுக்கு என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மாணவியாக இருந்தபோது ஓர் இடத்தில் என்னையே நோயாளியாகப் படுக்கவைத்துச் செய்துகாட்டினார்கள். மேசையில் முகத்துக்குத் துளை கிடையாது. கழுத்தை இடப்பக்கம் திருப்பிப் படுத்தேன். இரண்டு வரிசையாக ஊசி ஏறியது. பத்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கீழ்ப்பக்க மூக்கு அடைத்தது, கால் பெருவிரல் மேசையில் அழுந்தி மரத்தது, இடது காதுக்குக் கீழே நரம்பு இழுத்தது. தாங்காமல் தலையை மறுபக்கம் திருப்பினேன். வலது தோளுக்கு உள்ளே சுளீர் என்றது. எடுத்துப் பார்த்தால் ஊசி வளைந்திருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட அக்குபங்சர் பாதுகாப்பு வழிகாட்டியிலும் நோயாளி அசைந்தால் ஊசி வளையக்கூடும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. நோயாளி அசையாமல் இருப்பது அவருடைய கட்டுப்பாட்டால் வருவதில்லை. இருபது முப்பது நிமிடம் அசையத் தோன்றாதபடி நாம் படுக்கவைப்பதால் வருவது.

மேல்முதுகில் இது இன்னும் முக்கியம். முதுகு ஷூ புள்ளிகள் (முதுகுத்தண்டுக்கு இருபுறமும் உள்ள உள்வரிசைப் புள்ளிகள்) முதுகுத்தண்டின் நடுக்கோட்டிலிருந்து 1.5 சுன் தள்ளி இருக்கின்றன. சுன் என்பது நோயாளியின் உடம்பை வைத்தே கணக்கிடும் சீன அளவு. வெளிவரிசை 3 சுன் தள்ளி. அந்த இடத்தில் விலா எலும்புகளுக்கு அடியில் நுரையீரல். சாய்வாக, ஆழமில்லாமல்தான் போடுகிறோம். அங்கே ஊசி இருக்கும்போது நோயாளி மூச்சுமுட்டி எம்பி எழக்கூடாது.

புள்ளியைக் கண்டுபிடிப்பதும் படுக்கையைப் பொறுத்ததே. கை உடம்போடு ஒட்டியிருந்தால் தோள்பட்டை எலும்பின் கீழ்முனை ஏழாவது மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில் வரும் என்று கற்பிக்கிறோம். கையைத் தலைக்கு மேலே கொண்டுபோனால் அந்த எலும்பு சுழன்று வெளியே நகர்ந்துவிடும். அதை வைத்து எண்ணினால் எண்ணிக்கை தப்பும். மறுபக்கம், யு.பி. 43 (மேல்முதுகில் வெளிவரிசையில் உள்ள, சிறுநீர்ப்பைப் பாதையின் 43ஆம் புள்ளி) போன்ற புள்ளிக்குத் தோள்பட்டைகள் விலகித்தான் ஆகவேண்டும். அதற்கு இரு கைகளையும் முன்னால் தொங்கவிட வேண்டும். எனவே கை எங்கே இருக்கிறது என்பதும் நாம் தேடும் சொல்லுக்குள் அடங்க வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி முதுகு வலிக்கு வருகிறார். மேல்முதுகு நன்றாகக் கூனியிருக்கிறது. ‘கமுந்து படுத்தா மூச்சு முட்டும் தாயி’ என்றார். வயிற்றுக்கு ஒரு தலையணை வைத்தேன், நெஞ்சுக்கு இரண்டாக மடித்த போர்வையை வைத்தேன். முகம் துளையில் சரியாக உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே, ‘காலுக்கு அண்டக் குடு’ என்றார். துண்டைச் சுருட்டிக் கணுக்காலுக்கு அடியில் கொடுத்தேன். முழங்கால் லேசாக மடங்கியதும் தொடையின் பின்பக்கம் தளர்ந்து மேசையில் படிந்ததைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. ‘இப்பத்தான் படுத்த மாதிரி இருக்கு’ என்றார். அன்றைக்கு ஊசி எடுக்கும்போது தூங்கியிருந்தார்.

அந்த ‘அண்டக் குடு’தான் நான் தேடிய வினை. அண்டை என்றே வைக்கலாம் என்றால் எழுத்தில் அது அயல்வீட்டைக் காட்டுகிறது. முட்டு என்றால் பந்தல்காலும் சுவரும் நினைவுக்கு வருகின்றன. ‘அணை’ பொருந்துகிறது. தலையணை, பஞ்சணை, அரவணை. பெருமாளின் கிடந்த கோலத்தை நினைவூட்டிய நண்பரே, அங்கே அவர் கிடப்பதும் அரவணைமேல்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதுகில் ஊசிகளோடு படுத்திருப்பவர்கள் ‘அம்புப் படுக்கை’ என்று சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பாரதக் கதையில் பீஷ்மர் அம்புகளின்மேல் கிடக்கும்போது தலை மட்டும் தொங்குகிறது. தலையணை கேட்கிறார். பட்டுத் தலையணைகள் வருகின்றன, வேண்டாம் என்கிறார். அருச்சுனன் மூன்று அம்புகளை எய்து தலையைத் தாங்க வைக்கிறான். அத்தனை அம்பு தைத்த உடம்புக்கும் பொறுக்கமுடியாமல் இருந்தது தலைக்குத் தாங்கல் இல்லாததுதான்.

என் பரிந்துரை இது. நோயாளி செய்வது படுத்தல். வைத்தியர் செய்வது அணை கொடுத்தல். இரண்டும் சேர்ந்த நிலை ‘அணைப்படுக்கை’. குப்புற அணைப்படுக்கை, ஒருக்களித்த அணைப்படுக்கை என்று திசையைச் சேர்த்துக்கொள்ளலாம். முகத்துக்கான குதிரைலாட வடிவ மெத்தை முகவணை. மற்றவை மார்பணை, வயிற்றணை, கணுக்காலணை. புதிதாகப் படிக்கிறவருக்கும் சொல்லிலேயே எந்த இடம், எதற்கு என்பது தெரிந்துவிடும்.

குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து,
கையேட்டுக்காரி

மறுமொழி

அக்காவுக்கு வணக்கம்,

நான் யாழ்ப்பாணத்தில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்கிறேன். ஊசி எங்கள் வேலை இல்லை, ஆனால் ஆட்களைக் குப்புறப் படுக்கவைப்பது தினமும் உண்டு. ‘குப்புற’ எங்களுக்கும் விளங்கும். அணைப்படுக்கை எனக்குப் பிடித்திருக்கிறது. மூன்று விஷயம் மட்டும்.

முதலாவது, எல்லோராலும் படுக்க ஏலாது. மூச்சுக் கஷ்டம் உள்ளவர்களைக் கதிரையில் மேசையைப் பார்த்து இருத்தி, மேசையில் தலையணைகளை அடுக்கி, அதில் நெற்றியையும் கைகளையும் வைத்துச் சாயச் சொல்லுவோம். அதற்கு உங்கள் சொல் பொருந்தாது.

இரண்டாவது, மார்பணை. எழுத்தில் பிழை இல்லை. ஆனால் ஒரு ஆண் சிகிச்சையாளர் பெண் நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்லும்போது இருவருக்கும் கூச்சம் வரும். ‘நெஞ்சணை’ என்றால் அந்தக் கூச்சம் இல்லை. அதோடு, பெண்களுக்கு அது எங்கே வரவேண்டும் என்பதையும் எழுதுங்கள். நேரே கீழே வைத்தால் அழுத்தம் கூடி நோகும். காறை எலும்புக்குக் கீழே ஒரு சுருட்டிய துவாய், விலாவுக்குக் கீழே ஒரு தலையணை, நடுவில் இடம் விட வேண்டும். இதைச் சொல்லாமல் சகித்துக்கொண்டு படுத்திருக்கும் பெண்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது, முகவணை வேறு, மேசையில் உள்ள துளை வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கட்டிலுக்கு ஓடர் கொடுக்கும்போது குழப்பம் வரும்.

கையேட்டுக்காரியின் பதில்

தம்பி, மூன்றையும் ஏற்றுக்கொள்கிறேன்.

படுக்கைக்கு இணையாக இருக்கை நம்மிடமே இருக்கிறது. அப்படியானால் நீங்கள் சொன்னது ‘முன்சாய்ந்த அணையிருக்கை’. கையேட்டில் அதோடு ஓர் எச்சரிக்கையும் சேர்க்கிறேன். உட்கார்ந்திருக்கும்போது ஊசி மயக்கம் வர வாய்ப்பு அதிகம். ஆகவே முதல்முறை வருபவர், பசியோடு வருபவர், பயந்தவர் ஆகியோரை முடிந்தவரை படுக்கவைக்க வேண்டும். குப்புற முடியாவிட்டால் ஒருக்களித்து.

நெஞ்சணை என்றே மாற்றிவிட்டேன். துண்டு வைக்கும் இடத்தை நீங்கள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். துளைக்கு ‘முகத்துளை’, மெத்தைக்கு ‘முகவணை’.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனி மடலில் ஒருவர் கேட்டிருந்தார். அவர்களுக்கு ஒருக்களித்த அணைப்படுக்கைதான். முழங்கால்களுக்கு இடையே ஒன்று, வயிற்றுக்குக் கீழே மெல்லிய ஒன்று, நெஞ்சோடு கட்டிக்கொள்ள ஒன்று. கட்டிக்கொள்ள ஏதும் இல்லாவிட்டால் மேல்தோள் முன்னால் சரிந்து முதுகு முறுக்கிக்கொள்ளும். வயிற்றை வைத்துப் படுக்கையை மாற்றினால் மட்டும் போதாது. இடுப்புக்குக் கீழே திரிகப் பகுதியிலும் (முதுகுத்தண்டின் அடியில் உள்ள முக்கோண எலும்பின் மேல்), கையில் எல்.ஐ. 4 (பெருங்குடல் பாதையின் 4ஆம் புள்ளி), காலில் எஸ்.பி. 6 (மண்ணீரல் பாதையின் 6ஆம் புள்ளி) போன்ற இடங்களிலும் கர்ப்ப காலத்தில் ஊசி தவிர்க்கும் மரபு இருக்கிறது. அதை வேறு அத்தியாயத்தில் விரிவாக வைத்திருக்கிறேன்.

சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க, கையேட்டுப் பத்தியை அப்படியே கீழே தருகிறேன்:

‘சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லவும். சாப்பிட்ட உடனே குப்புறப் படுக்கவைக்க வேண்டாம். முகவணையின் உயரத்தை முதலில் சரிசெய்யவும்: பாரம் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் இறங்க வேண்டும், கண்ணில் படக்கூடாது. இடுப்பு உள்வளைந்து இருந்தால் வயிற்றணை கொடுக்கவும். கணுக்காலணை கொடுத்தபின் கால்விரல்கள் மேசையில் அழுந்தவில்லை என்று பார்க்கவும். கைகளை வைத்தபின்பே புள்ளியை எண்ணவும். இரண்டு நிமிடம் அப்படியே படுத்திருக்கவிட்டு, எங்காவது உறுத்துகிறதா என்று கேட்டபின் முதல் ஊசியைப் போடவும். குப்புறப் படுத்தவருக்கு நீங்கள் இருப்பது தெரியாது. அறையைவிட்டுப் போகும்போது சொல்லிவிட்டு, கைக்கெட்டும் இடத்தில் அழைப்பு மணியை வைத்துவிட்டுப் போகவும்.’

இதில் ‘அணை கொடுக்கவும்’ என்பதா, ‘அணை வைக்கவும்’ என்பதா என்று மட்டும் சொல்லுங்கள். பாட்டி ‘குடு’ என்றுதான் சொன்னார். எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.