ஆர்வோ பார்ட் தொகுப்பு: 'ஃபிராட்ரெஸ்' ஆறு ஃபைல், வெட்டுப்படும் 'கான்டஸ்', இரண்டாகப் பிரிந்த பெயர் – உதவி தேவை

தெஹிவளைக்காது:

வணக்கம். எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட்டின்ர ஒலிப்பதிவுகளை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவரப் பாக்கிறன். கொஞ்சம் இறுவட்டிலயிருந்து எடுத்தது, கொஞ்சம் காசு குடுத்து இறக்கினது, மிச்சம் பழைய ஹார்ட் டிஸ்க்கில கிடந்த எம்பி3. விண்டோஸ் 11, பாட்டுக் கேக்கிறது ஃபூபார்2000 பிளேயரில. ஃபோனில வேற பிளேயர். முந்தி எல்லாம் மாக்கில இருந்தது.

'ஃபிராட்ரெஸ்' எண்ட பெயரில ஆறு ஃபைல் கிடக்கு. டூப்ளிகேட் தேடுற சொஃப்ட்வெயார் அதில இரண்டை ஒண்டு எண்டு சொல்லுது. இரண்டும் இசிஎம் கொம்பனி வெளியிட்ட 'தபுலா ராசா' இறுவட்டில வந்தது, நீளத்திலயும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒண்டை அழிக்கலாமோ?

'கான்டஸ்' ஃபோனில கேட்டா கடைசியில கத்தியால வெட்டின மாதிரி முடியுது. லப்டொப்பில ஒரு ஃபைல் சரி, இன்னொண்டு அங்கயும் வெட்டு.

லிஸ்ட்டில பார்ட் இரண்டு பேராத் தெரியிறார். எழுத்து ஒண்டுதான், ஆனா சேருதில்லை.

கடைசியா, 'ஃபியூர் அலினா' பியானோ பெரிய சத்தமாக் கேக்குது, அடுத்து வாற ஓர்க்கெஸ்ட்ரா அதே அளவில கேக்குது. எங்க பிழை?

அலைவரிசை:

ஒன்றையும் அழிக்க வேண்டாம். அந்த சொஃப்ட்வெயார் தலைப்பையும் நீளத்தையும் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. பார்ட் விஷயத்தில் அது உதவாது, ஏனென்றால் அவர் ஒரே படைப்பைப் பல வாத்திய அமைப்புகளுக்குத் திரும்பத் திரும்ப எழுதுவார். 'ஃபிராட்ரெஸ்' 1977இல் இன்ன வாத்தியம் என்று கட்டாயமில்லாமல் எழுதப்பட்டது. 1980இல் வயலின்–பியானோ வடிவம், 1982இல் செலோக் குழு வடிவம், 1992இல் தனி வயலினும் நரம்புக் குழுவும் தாளவாத்தியமும் சேர்ந்த வடிவம். இடையில் நால்வர் குழு, காற்று வாத்தியக் குழு என்று இன்னும் இருக்கிறது.

நீங்கள் சொல்லும் இசிஎம் இறுவட்டு (எண் 1275, 1984, நியூ சீரிஸ் வரிசை தொடங்கியதே இதில்தான்) 'ஃபிராட்ரெஸ்'ஸை இரண்டு தரம் கொண்டிருக்கிறது. முதல் ட்ராக்கில் கிடோன் கிரெமர் வயலின், கீத் ஜரெட் பியானோ. 1983 ஒக்டோபரில் பாசலில் பதிவானது. மூன்றாவது ட்ராக் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் 12 செலோக்காரர், 1984. இரண்டும் பதினொன்றரை நிமிடத்தை ஒட்டியே ஓடும். அதனால்தான் மெஷின் குழம்புகிறது.

காதால் பிரிக்க முதல் ஒரு நிமிடம் போதும். வயலின் தனியே நாலு தந்தியிலும் வேகமாக உருண்டு, மெதுவான சத்தத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போனால், பியானோ பிறகு வந்து இறங்கினால், அது 1980 வடிவம். அதே உருளல் அடித்தொண்டையில் கேட்டால் செலோ–பியானோ. தனி வாத்தியம் ஒன்றும் முன்னால் வராமல், கட்டைத் தட்டலும் பெரிய மேளத்தின் அடியும் இடைக்கிடை வந்து பகுதிகளைப் பிரித்தால் நரம்புக் குழு–தாளவாத்திய வடிவம். அதில் அடியில் ஒரு ஏ–ஈ சுருதி தொடக்கம் முதல் முடிவு வரை விலகாமல் நிற்கும். தம்புராவில் ஸ–ப கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடும்.

பெயர் வைக்கும்போது வாத்திய அமைப்பை தலைப்புக்குள்ளேயே போடுங்கள், குறிப்புப் பெட்டியில் அல்ல. ஃபோன் பிளேயர்கள் குறிப்புப் பெட்டியைக் காட்டுவதில்லை. 'ஃபிராட்ரெஸ் – வயலின், பியானோ – கிரெமர், ஜரெட் – பாசல் 1983' என்ற மாதிரி. வருடம் என்றால் பதிவான வருடம். இறுவட்டின் பின்பக்கத்தில் இருக்கும் வெளியீட்டு வருடம் அல்ல. மறுவெளியீடு வரும்போது அது மாறும், பதிவான வருடம் மாறாது. அதே இறுவட்டின் 'தபுலா ராசா' 1977 நவம்பரில் ஜேர்மனியின் பொன் நகரத்தில் நடந்த நேரடி நிகழ்ச்சி (தயார்செய்த பியானோவில் இருப்பவர் ஆல்ஃபிரட் ஷ்னிட்கே). 1984 என்று எழுதி வைத்தால் ஏழு வருடம் பிசகும்.

கொட்டாஞ்சேனைக்காரன்:

அலைவரிசை அண்ணன் சொன்னது வடிவத்தைப் பிரிக்க. ஒரே வடிவம், ஒரே ஆளுங்க, ரெண்டு ஃபைல்னா என்ன செய்றதுன்னு நான் சொல்றேன். எம்பி3 ஒன்னு, ஃபிளாக் (தரம் குறையாம சுருக்கின ஃபைல்) ஒன்னு இருக்கும், இல்லன்னா பழைய பதிப்பு ஒன்னு, ரீமாஸ்டர் ஒன்னு.

ஒலிக் கைரேகையை (அகூஸ்ட்ஐடி) மட்டும் நம்பாதீங்க. அது வழக்கமா முதல் 120 செக்கனைத்தான் பார்க்கும், ரீமாஸ்டரையும் மூலத்தையும் ஒன்னுன்னே சொல்லிடும். கழிச்சுப் பார்க்கிறதுதான் நல்ல வழி. ஓடாசிட்டிங்கிற ஒலி எடிட்டர்ல ரெண்டு ஃபைலையும் ஒரே புரொஜெக்ட்டில இறக்குங்க, ரெண்டும் 44,100 ஹேர்ட்ஸ்தானான்னு பாருங்க. முதல் சுரம் தொடங்குற இடத்தை சாம்பிள் தெரியிற அளவுக்குப் பெருசாக்கி ரெண்டையும் ஒரே கோட்டுக்கு இழுங்க. பிறகு ஒன்னுக்கு மட்டும் இன்வெர்ட் (அலையைத் தலைகீழாக்குறது), அப்புறம் மிக்ஸ் அன்ட் ரெண்டர்.

முழு அமைதின்னா ரெண்டும் ஒன்னு, ஒன்னை அழிச்சிடலாம். மெல்லிய சீறல் மட்டும்னா ஒரே மாஸ்டர், ஒன்னு எம்பி3, ஃபிளாக்கை வச்சுக்குங்க. இசையே மெதுவா, நிறம் மாறிக் கேட்டா ரீமாஸ்டர். வயலின் ரெட்டையாக் கேட்டா அது வேற வாசிப்பு.

இதில ஆளுங்க சறுக்குற இடம் மூணு. எம்பி3யில லேம்ங்கிற என்கோடரும் டிகோடரும் சேர்ந்து முன்னால 1105 சாம்பிள், அதாவது ஏறக்குறைய 25 மில்லிசெக்கன், வெற்றிடம் வைக்கும்; அதை நகர்த்தாம கழிச்சா ஒன்னுமே கழியாது. ரீமாஸ்டர் 3 டெசிபல் கூடவா இருந்தா முதல்ல ஆம்ப்ளிஃபை போட்டுச் சமன் பண்ணணும். மூணாவது, பழைய டேப்பை ரெண்டு தரம் வேற வேற மெஷின்ல ஓட்டி எடுத்திருந்தா வேகம் துளி மாறும்: தொடக்கத்தில அழகாக் கழியும், நாலாவது நிமிஷத்தில ரெட்டைச் சத்தம் வரும். வேற வாசிப்புன்னு அவசரப்படாதீங்க, அந்த இடத்தில திரும்ப நேராக்கிப் பாருங்க.

பெயர் ரெண்டாத் தெரியிறதுக்குக் காரணம் மாக். பார்ட்டோட பெயர்ல 'ஏ'க்கு மேல ரெண்டு புள்ளி இருக்கு. அதை ஒரே எழுத்தாவும் வைக்கலாம், எழுத்து தனி புள்ளி தனின்னு ரெண்டா வச்சுச் சேர்த்தும் காட்டலாம். நம்ம 'கொ'வைக் கொம்பும் காலும் தனித்தனியா அடிச்சாலும், சேர்த்து அடிச்சாலும் பார்வைக்கு ஒன்னுதான், ஆனா தேடினா ஒன்னு மாட்டும் மத்தது மாட்டாது இல்லையா, அதே கதை. பழைய மாக் ஃபைல் பெயரைப் பிரிச்ச வடிவத்தில வச்சிருக்கும், விண்டோஸ் அதை வேற பெயரா எடுக்கும். எம்பி3டாக்ங்கிற, ஃபைலுக்குள்ள இருக்கிற பெயர் விவரத்தைத் திருத்துற சொஃப்ட்வெயார்ல எல்லா ட்ராக்கையும் தெரிஞ்சு, இசையமைப்பாளர், கலைஞர் ரெண்டு கட்டத்திலயும் பெயரை ஒரு தரம் புதுசா அடிச்சு சேவ் பண்ணுங்க. ஃபோல்டர் பெயரையும் அப்படியே. பழைய பெயரை கொப்பி பேஸ்ட் பண்ணினா பழைய வியாதியும் கூடவே வரும்.

மணியோசை:

'கான்டஸ்' பற்றி. வெட்டுப்படுவது பதிவா பிளேயரா என்று முதலில் பிரிக்க வேணும். ஃபோன் பிளேயரில் 'ஸ்கிப் சைலன்ஸ்' (அமைதியான இடத்தைத் தாண்டுவது) அல்லது 'குரொஸ்ஃபேட்' (ஒரு ட்ராக்கின் முடிவை அடுத்ததின் தொடக்கத்தோடு கலப்பது) போட்டிருந்தால் நிறுத்துங்கோ. ஃபூபாரில் பிரெஃபரன்ஸஸ், பிளேபேக், டிஎஸ்பி மனேஜர் போய் ஸ்கிப் சைலன்ஸ் 'ஆக்டிவ்' பட்டியலில் இருந்தால் எடுத்துவிடுங்கோ.

இந்தப் படைப்புக்கு அந்த வசதிகள் எமன். பென்ஜமின் பிரிட்டன் நினைவாக எழுதியது, நரம்புக் குழுவும் ஒரேயொரு மணியும். மணி மிக மெதுவாகத் தொடங்கும். பிறகு ஏ மைனர் இறங்குவரிசையை ஐந்து பகுதியும் எடுக்கும், ஒவ்வொன்றும் முன்னையதின் பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி கீழே. எல்லாம் தங்கள் கடைசிச் சுரத்தில் வந்து சேர்ந்து உச்சச் சத்தத்தில் நிற்கும். நரம்புகள் நிறுத்திய பிறகுதான் அதுவரை மறைந்திருந்த மணியின் ஒலி வெளியே வரும். அந்த மணியின் மேலொலியில் ஒரு சி ஷார்ப் கேட்கும், மைனர் மேஜராகத் திரும்பின மாதிரி. அந்தக் கடைசிச் செக்கன்கள் இல்லாத 'கான்டஸ்' பாதி 'கான்டஸ்'தான்.

லப்டொப்பிலும் வெட்டுப்படும் ஃபைலை ஓடாசிட்டியில் திறந்து, அலைவடிவத்தை டெசிபல் அளவுகோலுக்கு மாற்றி, கடைசி 20 செக்கனைப் பாருங்கோ. சாதாரணக் காட்சியில் அந்த மணி நேர்கோடாகத்தான் தெரியும், ஏமாறாதேங்கோ. டெசிபலில் சாய்ந்து இறங்கும் கோடு இருந்தால் ஃபைல் நல்லது. செங்குத்தாக விழுந்தால் யாரோ வெட்டியிருக்கினம், திரும்ப எடுக்கிறதைவிட வழியில்லை. சாய்வு இருந்தும் சத்தம் தண்ணிக்குள்ளால் வாற மாதிரி சுழன்றால் 128 கிலோபிட் எம்பி3. நீளமாக அடங்கும் ஒலிகளை அது இப்படித்தான் கெடுக்கும்.

சத்தம் ஒரே அளவாகிறது, சத்தத்தைச் சமன்படுத்தும் ரீப்ளேகெய்ன் வசதி ட்ராக் முறையில் இருப்பதால். அது ஒவ்வொரு ட்ராக்கையும் தனியாக அளந்து சமன்படுத்தும், ஒற்றைப் பியானோவும் முழுக் குழுவும் ஒரே தட்டுக்கு வந்துவிடும். ஒரு இறுவட்டின் எல்லா ட்ராக்கையும் தெரிந்து வலது கிளிக், ரீப்ளேகெய்ன், 'சிங்கிள் அல்பம்' என்று ஸ்கான் செய்யுங்கோ. பிறகு பிளேபேக் அமைப்பில் சோர்ஸ் மோடை அல்பமாக்குங்கோ. இறுவட்டு இறுவட்டாகத்தான் ஸ்கான், முழுத் தொகுப்பையும் ஒரே அல்பமாகப் போடக்கூடாது. வாசிப்புகளை ஒப்பிடும் நேரம் மட்டும் ட்ராக் முறைக்கு மாறலாம். சத்தம் கூடினது நல்லதாகத்தான் கேட்கும், காது அதில் இலகுவாக ஏமாறும்.

தெஹிவளைக்காது:

நன்றி அக்கா, அண்ணைமார். ஸ்கிப் சைலன்ஸ்தான் ஃபோனில வெட்டினது. லப்டொப் ஃபைல் செங்குத்தா விழுது, அதைத் தூக்கிட்டன். பார்ட்டும் ஒருத்தராயிட்டார்.

இன்னும் இரண்டு. 'ஃபிராட்ரெஸ்' வடிவங்களை ஒப்பிட ஒரே இறுவட்டில வாங்கலாமோ? பழைய இறுவட்டுகள் சிலதில வெள்ளைப் பூஞ்சணம், புத்தகமும் ஒட்டிப்போச்சு. எடுக்கலாமோ?

அலைவரிசை:

டெலார்க் வெளியிட்ட ஐ ஃபியமிங்கி குழுவின் 'ஃபிராட்ரெஸ்' (ருடோல்ஃப் வெர்தென்) ஒரே இறுவட்டில் ஆறு வடிவம் தருகிறது, இடையில் 'கான்டஸ்', 'சும்மா', 'ஃபெஸ்டினா லென்டே'. ஒரே குழு, ஒரே ஒலிப்பொறியியல், ஆகவே மாறுவது எழுத்து மட்டும்தான். ஒப்பிட இதுதான் முதல் வாங்க வேண்டியது. நக்ஸோஸில் தமாஷ் பெனெடெக் நடத்தும் ஹங்கேரிய அரச ஒப்பெரா ஓர்க்கெஸ்ட்ரா பதிவிலும் பல வடிவம் உண்டு, விலை குறைவு. தனி வயலின்–நரம்புக் குழு வடிவத்துக்கு கில் ஷஹாம், நேமே யார்வி, கோதன்பர்க் (டொச்ச கிராமஃபோன்). கிரெமர்–ஜரெட்டோடு பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்: கிரெமர் வில்லின் கரகரப்பை மறைக்கவில்லை, ஷஹாம் வழுவழுப்பு. எனக்குக் கரகரப்புத்தான் பிடிக்கும்.

'அலினா' (இசிஎம், 1999) வாங்கினால் டூப்ளிகேட் தேடுபவனை அதற்குள் விடாதீர்கள். 'ஷ்பீகல் இம் ஷ்பீகல்' மூன்று தரம், 'ஃபியூர் அலினா' இரண்டு தரம் வரும். ஒன்றும் நகல் இல்லை. 'ஷ்பீகல்' ட்ராக் 1, 5 இல் வயலின், 3 இல் செலோ.

கொட்டாஞ்சேனைக்காரன்:

பூஞ்சணம் கொழும்பு ஈரத்துக்கு வராம இருக்காது. வடிச்ச தண்ணி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், மெத்தென்ற துணி. நடுவிலயிருந்து வெளி விளிம்புக்கு நேராத் துடைங்க, வட்டமாத் துடைக்கக் கூடாது. தின்னர், பெட்ரோல் வேணாம். பிறகு வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்க. ஊசித் துளையா வெளிச்சம் வந்தா லேபிள் பக்கத்தால அரிச்சிருக்கு, அங்க வாசிப்பு தடுக்கலாம். விளிம்பு வெண்கல நிறத்தில பழுத்து, 'பிடிஓ, யுகே'ன்னு அச்சிருந்தா உடனே எடுத்துச் சேவ் பண்ணுங்க. 1988–93 காலத்து அந்தத் தயாரிப்பு சிலது உள்ளுக்குள்ள கெட்டுப்போற வகை. ஒட்டின புத்தகத்தை இழுத்துப் பிரிக்க வேணாம், மேல் அட்டையை ஃபோட்டோ எடுத்து வச்சிடுங்க. கழுவினதை கமெரா வைக்கிற டிரை பொக்ஸ்ல சிலிக்கா ஜெல்லோட வைங்க, ஈரம் 40–50 சதவீதம்.

இறுவட்டிலயிருந்து ஃபைலா எடுக்க எக்ஸாக்ட் ஓடியோ கொப்பிங்கிற சொஃப்ட்வெயார், செக்யூர் மோட். அக்யூரேட்ரிப் (மத்தவங்க எடுத்ததோட ஒப்பிடுற தரவுத்தளம்) பொருந்தலைன்னா உடனே பயப்பட வேணாம். டிரைவ் ஓஃப்செட் சரியாப் போடாட்டியும், வேற பதிப்பா இருந்தாலும் பொருந்தாது. ரெண்டு தரம் எடுத்து சிஆர்சி (ஃபைலோட சரிபார்ப்பு எண்) ஒன்னா வந்தா நம்பலாம்.

தெஹிவளைக்காது:

பார்ட்டின்ர 'பாஸியோ' ஒரே ட்ராக், 70 நிமிசத்துக்கு மேல. எடுத்தது பிழையோ?

மணியோசை:

பிழையில்லை. ஹிலியர்ட் குழுவின் இசிஎம் இறுவட்டு அப்படித்தான், முழுவதும் ஒரே ட்ராக். ஃபிளாக்கை வெட்டாமல் வைத்து ஒரு கியூ ஷீட் (ட்ராக் எங்கெங்கே தொடங்குது என்று சொல்லும் சின்ன எழுத்து ஃபைல்) எழுதுங்கோ. நேரம் நிமிடம், செக்கன், ஃபிரேம் என்ற வரிசை. ஒரு செக்கனுக்கு 75 ஃபிரேம். பாடப்படுவது லத்தீனில் யோவான் 18, 19 அதிகாரங்கள், எனவே பைபிளைத் திறந்து வைத்தால் குறியிட இலகு. 18:28, 19:1, 19:17 மூன்றிலும் ஒவ்வொரு குறி வையுங்கோ. பிலாத்து டெனர், இயேசு ஒர்கனோடு வரும் ஆழ்ந்த குரல், கதை சொல்பவர் நாலு பாடகர். குரல் மாறும் இடத்தில் வைத்தால் குறி நடுச்சொல்லில் விழாது. ஃபோன் கியூவை வாசிக்காவிட்டால் ஃபூபாரின் கன்வேர்ட்டரால் தனித்தனி ஃபிளாக்காகப் பிரியுங்கோ, இடைவெளி வராது. எம்பி3யாகப் பிரித்தால் ஒவ்வொரு குறியிலும் ஒரு துள்ளல் கேட்கலாம்.