வலயப் படம் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா? (திருகோணமலை)

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நகர அபிவிருத்தித் திட்டத்தின் வலயப் படத்தைப் பார்த்து, எந்த நிறம் எதைக் குறிக்கிறது, எங்கே என்ன கட்டலாம் என்று விளக்கக்கூடிய நில அளவையாளரோ திட்டமிடல் படித்தவரோ இங்கே இருக்கிறீர்களா? எங்கள் சனசமூக நிலையத்துக்கு ஒரு பின்னேரம் வந்து பேசினால் போதும்.

இப்படியான நீண்டகாலத் திட்டம் ஹோட்டல் கட்டுபவர்களுக்குத்தான் என்று எங்கள் சனம் நினைக்கிறது. அது சரியில்லை. மாரியில் தண்ணீர் தங்கும் பள்ளக் காணிகளை மண் போட்டு நிரப்ப விடாமல் வைத்தாலே சுற்றியுள்ள வீடுகளுக்கு எவ்வளவு நிம்மதி! கரைவலைக்காரரைப் பாருங்கள்: வலையை வளைத்துப் போட்டு இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுக்க நீளமான வெறும் மணல் வேண்டும், வள்ளம் ஏற்ற இடம் வேண்டும், மீனைக் கொட்டிப் பிரிக்கவும் இடம் வேண்டும். அந்தப் பாடு, அதாவது வலை இழுக்கும் கரைத்துண்டு, படத்தில் தெளிவாக இல்லாவிட்டால் நாளைக்கு அங்கே ஒரு வேலி வந்து நிற்கும், அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டப்படி வரைபுத் திட்டத்தை 60 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபனையும் கொடுக்கலாம். அதை எழுத்தில் ஒழுங்காகக் கொடுக்கத் தெரிந்தவர்களும் வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்துப் பழகியவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. உப்புவெளி, திருக்கடலூர்ப் பக்கம் பாடுகள் எங்கிருந்து எதுவரை என்று தெரிந்த பெரியவர்களையும் சொல்லுங்கள், நாங்களே வீட்டுக்கு வந்து குறித்துக்கொள்கிறோம்.